டிரில் வாத்தியார் தலையும் பேரருவியும்

தென்காசியில் ஒருவனுக்குக் கால் முறிந்தால் தெருவே திரண்டு வந்து பார்க்கும். பேதி என்றால்கூட நாலு பேர் வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் தலைக்கு உள்ளே அடிபட்டு, வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல், ஆள் ஆறடி உயரத்துக்கு நடமாடிக்கொண்டு, "தலை வலிக்குது" என்று மட்டும் சொன்னால் அவனுக்கு அந்த ஊரில் ஒரே பெயர்தான். சோம்பேறி. சிவனணைந்தபெருமாளுக்கு அந்தப் பெயர் 1934-ம் வருஷம் தை மாதம் கிடைத்தது.

அதுவரை அவனுக்கு டிரில் வாத்தியார் என்று பெயர். ஆவுடைநாயகம் பிள்ளை நடத்திய பள்ளிக்கூடத்தில் முந்நூறு பையன்களைக் காலையும் மாலையும் வெயிலில் நிறுத்தி, கழுத்தில் கிடக்கிற விசிலை ஊதி, கையைத் தூக்கச் சொல்லி, பிறகு கீழே போடச் சொல்வது அவன் உத்தியோகம். இதற்கெல்லாம் ஒரு சம்பளமா என்று கணக்கு வாத்தியார் அங்கலாய்ப்பார். அவரை ஒரு நாள் சித்திரை வெயிலில் நிறுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பெருமாளுக்கு அந்த வேலை என்றால் உயிர். அது போனால் மிச்சம் இருப்பது அண்ணன் வயல். அண்ணன் வயல் என்றால் அண்ணன் சத்தத்தைக் காலை முதல் மாலை வரை கேட்பது.

பொங்கல் கழிந்து செங்கோட்டைக்காரர்களோடு வருஷா வருஷம் ஒரு ஃபுட்பால் மேட்ச் நடக்கும். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் மகாராஜா சீமை. ஆகவே இரண்டு ராஜ்யங்கள் எல்லையில் மோதுவதாக நினைத்துக்கொண்டு பெரிய மனுஷர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரோ பெற்ற பிள்ளைகளின் முழங்காலைப் பணயம் வைப்பார்கள். தென்காசிக் கட்சிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைவாள்தான் புரவலர். அந்த வருஷம் பந்து உயரே வந்தது. பெருமாள் அதைத் தலையால் முட்ட எம்பினான். அதே பந்துக்கு எதிர்ப்பக்கமிருந்து ஒரு புகையிலை வியாபாரியும் எம்பினான். பந்து இரண்டு பேருக்கும் அகப்படாமல் போய்விட்டது. தலைகள் இரண்டும்தான் அகப்பட்டன. சத்தம் ரயில்வே கேட் வரை கேட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்க்காதவர்கள் கடையம் வரை கேட்டது என்றார்கள்.

புகையிலை வியாபாரி எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, மலையாளத்தில் "சாரமில்லா", பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஓடினான். பெருமாள் இரண்டு நிமிஷம் கிடந்தான். பிறகு எழுந்தான். எழுந்தவன் நேரே பந்தை எடுத்துக்கொண்டு தன் கட்சி கோலை நோக்கியே ஓடி, அங்கே நின்ற நல்லக்கண்ணுவைத் தாண்டி உள்ளே உதைத்தான். நல்லக்கண்ணு பஜாரில் தையல்காரன், நல்ல கோல் கீப்பர், ஆனால் தன் ஆளே இப்படி உதைப்பான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இவனுக்கு ஏதோ ஆகிவிட்டது, வெளியே கூட்டிக்கொண்டு வந்து உட்கார வையுங்கள் என்று சொல்ல ஒரு நாதி இல்லை. நாற்காலியிலிருந்து பிள்ளைவாள், "ஆடும்வே, ஆடும்" என்று கையை வீசினார். மிச்சம் இருந்த அரைமணி நேரமும் பெருமாள் ஆடினான்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தது. ஜன்னல் வெயில் முகத்தில் பட்டதும் கண்ணைத் திறக்க முடியவில்லை. குனிந்தால் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தாளிக்கிற வாசனைக்கு வாந்தி வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை காணாமல் போயிற்று. செம்பைக் காட்டி, "அந்தா, அது, தண்ணி குடிக்கிறது" என்றான். ராத்திரியில் தூக்கம் இல்லை, பகலில் முழிப்பு இல்லை. காரணம் இல்லாமல் கோபம் வரும். கோபம் போன கையோடு அழுகை வரும். பக்கத்து வீட்டில் மாவு சலிக்கிற சத்தத்துக்கு அந்த ஆறடி ஆள் உட்கார்ந்து அழுததை அவன் பெண்டாட்டி முப்பிடாதி பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுத்த வீட்டில் போய், சல்லடையைக் கொஞ்சம் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்ச் சலிக்க முடியுமா என்று கேட்டாள். ராணி வந்துட்டா, அரண்மனையில சத்தம் ஆகாதாம் என்று அவர்கள் முறைத்துக்கொண்டார்கள்.

ஒரு டாக்டர் வந்து தலையை நாலு பக்கமும் விரலால் தட்டிப் பார்த்தார். தட்டின தட்டில் பெருமாளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. எலும்பு உடையவில்லை, வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, ஆகவே வியாதியும் இல்லை என்று முடிவு கட்டி, சிவப்பு மிக்ஸ்சர் கொடுத்தார். அந்தக் காலத்தில் எல்லா வியாதிக்கும் சிவப்பு மிக்ஸ்சர்தான். வியாதி இல்லாதவனுக்கும் அதேதான். பிறகு ஊர் தன் வைத்தியப் பையைத் திறந்தது. சுக்குப் பத்துப் போட்டார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். கண்ணேறு கழித்து முச்சந்தியில் பூசணிக்காய் உடைத்தார்கள். அது உடைந்த சத்தத்தில் அவன் ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தான். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. "ஆளு கல்லு மாதிரி இருக்கான், தலைவலியாம்லா" என்று பார்க்க வந்தவர்கள் வாசலைத் தாண்டும் முன்பே சொல்லிக்கொண்டு போனார்கள். அவன் காது அப்போது எறும்பு நடக்கிற சத்தத்தையும் விடுவதில்லை, ஆகவே ஒன்று விடாமல் கேட்டான்.

பிள்ளைவாள் நல்லவர். நல்லவர் என்பதால் ஆடி மாதக் கடைசி வரை கெடு கொடுத்தார். ஆவணி முதல் தேதி மைதானத்தில் நின்று விசில் ஊத வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

இந்தச் சேதி வந்ததும் அண்ணன் சுடலையாண்டிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் மெசபடோமியாவில் சண்டை போட்டு அவில்தாராகத் திரும்பியவர். காதுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தபோதுகூட எனக்குத் தலை வலிக்கவில்லை என்று பெருமையாகச் சொல்வார். அன்று முதல் இடது காது கேட்பதில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார். கேட்காத காதுக்கும் சேர்த்து எல்லாரிடமும் கத்தித்தான் பேசுவார். அவர் தம்பியின் கட்டில் பக்கத்தில் நின்று கத்தினார்: "ஏலே, குத்தாலத்தைக் கைக்கெட்டுற தூரத்துல வச்சுக்கிட்டு, இங்கன படுத்து மிக்ஸ்சரா குடிக்க?"

அதானே, என்றது ஊர். இத்தனை நாள் இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. மெட்ராஸிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ரயிலேறி வந்து குளிக்கிறார்கள். புத்தி பேதலித்தவர்களைச் சங்கிலியோடு கொண்டுவந்து பேரருவிக்கு அடியில் நிறுத்துகிறார்கள்; தலையில் அருவி விழ விழ உள்ளே கலங்கினது தெளிந்துவிடுமாம். அப்படித் தெளிந்தவர்கள் பெயரை ஊர் மனப்பாடமாக ஒப்பிக்கும். தெளியாதவர்கள் பெயரை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. பைத்தியத்துக்கே கேட்கிற மருந்து, கேவலம் ஒரு தலைவலிக்குக் கேட்காதா? ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் என்று அண்ணன் கணக்குப் போட்டார். குற்றாலத்தில் தமக்கிருந்த ஒரு சின்ன வீட்டைப் பிள்ளைவாள் ஒழித்துக் கொடுத்தார். வைத்தியம் அவர் உபயம் என்று நாலு பேருக்குத் தெரியும்படியாகத்தான் கொடுத்தார்.

ஆனி பிறந்தது, சாரல் இறங்கியது, பெருமாளையும் இறக்கினார்கள். அண்ணன் தினமும் விடிந்ததும் அவன் உச்சியில் ஒரு உழக்கு நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்து, பிடரியைப் பிடித்துக்கொண்டுபோய் அருவிக்குள் நிறுத்துவார். தாமும் பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். அருவி இரைச்சலுக்கு மேலே கேட்கிற குரல் அந்த மலையில் அவருக்கு ஒருவருக்குத்தான் இருந்தது. முதல் நாள் நூறு. மறுநாள் இருநூறு. அடிபட்ட தலைமேல் மலையிலிருந்து தண்ணீர் விழுகிறது. நகர்ந்தால் அண்ணன் இழுத்து மறுபடி நடுவில் விடுகிறார். பெருமாளுக்கு எண்ணிக்கை பத்தைத் தாண்டியதும் கண்ணுக்குள் வெள்ளையாகிவிடும். அதற்கப்புறம் நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது. வேலை வேண்டும், விசில் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ஒன்பதாம் நாள் முந்நூறு எண்ணி முடித்து வெளியே வந்தவன் நாலடி நடந்து பாறையில் சரிந்தான். வாந்தி எடுத்தான். கெட்டது வெளியே வருகிறது என்று அண்ணன் சந்தோஷப்பட்டார். வந்தது காலையில் தின்ற இட்லிதான். அதைச் சுட்டவள் முப்பிடாதி, அவளுக்குத் தெரியாதா. அவள் ஓடிவந்து தலையை மடியில் வைத்துக்கொண்டபோது அவன் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

"நீங்க யாரு?" என்று கேட்டான்.

கட்டின பெண்டாட்டியை, அதுவும் மரியாதையாக. முப்பிடாதி முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் பெயரெல்லாம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் அந்த ஒரு கேள்வி அவளை விட்டுப் போகவில்லை. அன்று சாயந்திரமே ஊரிலிருந்து ஆள் வந்தது: கார் நெல் நடவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், அவில்தார் வந்தால்தான் ஆகும். குற்றாலநாதர் கண்ணைத் திறந்தது அந்த ஒரு விஷயத்தில்தான் என்று முப்பிடாதி பிற்பாடு சொல்வாள். மிச்சம் முப்பத்தொன்பது நாளும் நானே நிறுத்தி, நானே எண்ணிக்கொள்கிறேன் என்று அத்தானுக்குச் சத்தியம் செய்து அனுப்பிவைத்தாள்.

வண்டி மறைந்ததும் பின்கட்டு அறைக்குப் போய், இருந்த ஒரே ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டாள். புருஷனை உள்ளே படுக்க வைத்தாள். நாள் முழுக்க அருவிச் சத்தம் லேசாக வந்துகொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அருவிக்குப் போக வேண்டாமா, கெடு போய்விடுமே என்று அவன் பதறினான்.

"கால்ல அடிபட்டா அந்தக் கால்லயே தெனம் ஒலக்கையப் போட்டுக் குத்துவீகளா?" என்று கேட்டாள். "பேசாம படுங்க."

வைத்தியம் அவ்வளவுதான். ஆனால் குற்றாலத்தில் சீசன் நேரத்தில் அருவிக்குப் போகாமல் ஒருவன் வீட்டுக்குள் இருந்தால் அது தென்காசிக்குத் தெரிய அரைமணி நேரம் ஆகாது. ஆகவே முப்பிடாதி தினமும் காலையில் கொல்லையில் இரண்டு செம்புத் தண்ணீரை அவன் மேல் மெதுவாக ஊற்றுவாள். ஈரவேட்டி சொட்டச் சொட்ட, நெற்றி நிறைய விபூதியோடு, சன்னதி வழியாக ஒரு நடை கூட்டிக்கொண்டு போய்விட்டு வருவாள். அவன் கண் கூசித் தலையைக் குனிந்துகொண்டு வருவான். பார்த்தவர்கள், "அடக்கம் வந்துட்டு பாத்தியா, அருவி எறங்கிட்டு" என்றார்கள். ஒரு சந்நியாசி அவனை நிறுத்தி ஆசீர்வாதமே பண்ணினார்.

ஒரு வாரம் அவன் தூங்கினான். இரண்டாம் வாரம் ரசத்தில் உப்புக் கம்மி என்றான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூன்றாம் வாரம், மேகம் மூடின நாளாகப் பார்த்து, மரத்தடி வரைக்கும் ஒரு நடை. வலி வந்தால் திரும்பிவிட வேண்டும்; மறுநாள் அந்த இடத்துக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். அதற்கு மறுநாள் நாலடி கூட. வீரம் காட்டி அவன் ஒரு நாள் ஐந்தருவிப் பாதையில் பாதி தூரம் போனான். அதற்குத் தண்டனையாக மூன்று நாள் படுத்தான். அப்புறம் வீரம் காட்டவில்லை. மண்டலம் முடிந்தபோது முக்கால்வாசி ஆளாகத் திரும்பியிருந்தான். மிச்சம் கால்வாசி திரும்புமா என்று அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. முழுசாகக் குணம். அண்ணன் தென்காசி ஸ்டேஷன் வாசலிலிருந்து கீழப்புலியூர் வரைக்கும் நின்று நின்று சொன்னார். பள்ளிக்கூடத்தில் பெருமாளை மேடையில் ஏற்றிப் பிள்ளைவாள் மாலை போட்டு, குற்றால தீர்த்தத்தின் மகிமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். உச்சி வெயில், முந்நூறு பையன்களின் கைதட்டல். பெருமாள் மேடைத் தூணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றான்.

அந்தக் கால்வாசியை மறைக்க அவன் பட்ட பாட்டுக்குத் தனிச் சம்பளம் கொடுக்கலாம். வெயிலுக்காகப் பெரிய விளிம்பு வைத்த சோலா தொப்பி ஒன்று வாங்கினான். துரை ஆகிவிட்டார் என்று கணக்கு வாத்தியார் சொன்னார். காதில் பஞ்சு. டிரில் வேப்பமரத்து நிழலுக்கு மாறியது. சாயந்திர டிரில்லைப் பாதியில் முடித்துவிட்டு, பழைய கரும்பலகைகள் போட்டுவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கண்ணை மூடிக் கால் மணி உட்காருவான். இதில் பெரிய இடைஞ்சல் விசில். அதற்கும் முப்பிடாதிதான் வழி செய்தாள். தன் பழஞ்சேலைக் கரையில் ஒரு துண்டு கிழித்து, விசிலுக்குள் கம்பியால் திணித்துவிட்டாள். அவன் கன்னம் உப்ப ஊதுவான், கையை வீசுவான். புஸ் என்று காற்று வரும். பையன்கள் கையைப் பார்த்து ஆடினார்கள். மேலே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைவாள், காற்று எதிர்த்து அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இரண்டு மாதம் இப்படி ஓடியது, ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.

அருவியா குணப்படுத்தியது என்று யார் கேட்டாலும், ஆமா என்றான். சொல்லிவிட்டுப் போங்கள், யாருக்கு என்ன நஷ்டம் என்றாள் முப்பிடாதி. அண்ணன் அதற்குள் பெரிய வைத்தியராகிவிட்டார். ஒற்றைத் தலைவலிக்காரன் ஒருவன், கள்ளுக்கடையே கதியாகக் கிடந்தவன் ஒருவன், மாமியார் கேட்டால் பதில் சொல்லாத ஒருவன் என்று மூன்று பேரை நிறுத்தி எண்ணிவிட்டார். அதில் மாமியார்க்காரன் மட்டும் மூன்றாம் நாளே பதில் சொல்ல ஆரம்பித்தானாம். அவில்தார் கைராசி என்று பேச்சாயிற்று.

ஐப்பசியில் அது நடந்தது. தை மேட்சுக்குப் பழகிக்கொண்டிருந்தபோது நல்லக்கண்ணு பந்தைப் பிடிக்கப் பாய்ந்து கோல் கம்பத்தில் மண்டையை மோதிக்கொண்டான். மறுநாளிலிருந்து தையல் மிஷின் சத்தம் அவனுக்கு ஆகவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. விளக்கைக் கொண்டுபோனால் கத்தினான். அவன் அம்மா குருவம்மாளுக்கு அவன் ஒரே பிள்ளை. அவள் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து பெருமாள் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். நீங்கள் நின்ற மாதிரி நின்றால் என் பிள்ளைக்கும் சரியாகிவிடுமா என்று கேட்டாள்.

பக்கத்தில் நாற்காலியில் பிள்ளைவாள் உட்கார்ந்திருந்தார். பெருமாள் அவரைப் பார்த்தான். கழுத்தில் கிடந்த விசிலைத் தொட்டுக்கொண்டான். ஆமா அக்கா, அண்ணனைக் கேளுங்க என்று சொல்லிவிட்டான். சொன்ன வாய் அன்று முழுவதும் கசந்தது.

நாலு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேதி வந்தது. அண்ணன் நல்லக்கண்ணுவை நிறுத்துகிறாராம். ஐப்பசித் தண்ணீர் சீசன் தண்ணீர் இல்லை. மலைமேல் அடைமழை, செந்நிறமாக, கல்லும் கட்டையுமாக வருகிற தண்ணீர். சாரலுக்கு இருநூறு என்றால் இதற்கு நூறு போதும் என்று அண்ணன் அளவெல்லாம் போட்டுத்தான் நிறுத்துகிறாராம். நேற்றுக் கரையேறின நல்லக்கண்ணு பெற்ற தாயைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டானாம்.

முப்பிடாதி அரிவாள்மணையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். பெருமாள் அவளைப் பார்த்தான். "வேலை போயிரும்" என்றான். "போவட்டும்" என்றாள். இரண்டு பேரும் ஜட்கா பிடித்தார்கள். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது, குதிரைக் கழுத்து மணி மூன்று மைலும் அவன் மண்டைக்குள்ளேயே அடித்துக்கொண்டு வந்தது.

அருவிக்குப் போகிற வழியில் மண்டபத்தில் கூட்டம் நின்றது. அண்ணன் நல்லக்கண்ணு தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், குருவம்மாள் மாற்று வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக் குளிப்புக்குப் பிள்ளைவாளும் காரில் வந்திருந்தார். பெருமாளைக் கண்டதும், வாரும்வே, இந்தப் பயலுக்கு ஒரு தைரியம் சொல்லும் என்றார்.

பெருமாள் தொப்பியைக் கழற்றினான்.

"நான் அருவியில நிக்கல" என்றான். "மொத ஒம்பது நாளு நின்னேன், அதுல சாவக் கெடந்தேன். மிச்ச நாளெல்லாம் இருட்டறைக்குள்ள படுத்துக் கெடந்தேன். என்னைய அருவி சொகப்படுத்தல. எனக்கு இன்னும் சொகமாவல. அவன அங்கன கொண்டுபோவாதீக."

மண்டபத்தில் எல்லாருக்கும் உடனே விளங்கிவிட்டது. பாவம், திரும்பவும் தலைக்கு ஏறிவிட்டது என்றார் ஒருவர். தெளிந்தவன் தீர்த்தத்தைப் பழித்தால் இப்படித்தான் என்றார் இன்னொருவர். அப்படியானால் இவனையும் சேர்த்து நிறுத்திவிடலாமே, ஆள்தான் வந்துவிட்டானே என்று மூன்றாமவர் யோசனை சொன்னார். அண்ணனுக்குப் பாதிதான் காதில் விழுந்தது, ஆனால் அந்தப் பாதியே போதும். அவர் முகம் செத்துவிட்டது. நான் பொய் சொன்னேன் அத்தான், சத்தியம் பண்ணினதும் பொய் என்று முப்பிடாதி அவர் கேட்கிற காதுப் பக்கம் வந்து சொன்னாள். பொம்பளைப் பேச்சு என்று கூட்டம் அதைத் தள்ளிவிட்டது. குருவம்மாள் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

பிள்ளைவாளுக்குத்தான் சுருக்கென்றது. மாலை போட்டவர் அவர், முக்கால் மணி நேரம் பேசியவரும் அவர். இவன் சுகமாகவில்லை என்றால் தம் பேச்சு என்ன ஆவது? "ரெண்டு மாசமா தெனம் விசில் ஊதுத ஆளு, சொகமில்லையாம். இந்தா, நான் ஊதுதேன், வலிக்கான்னு இப்பவே தெரிஞ்சுபோவும்" என்று சொல்லிக்கொண்டே பெருமாள் கழுத்திலிருந்த விசிலை எட்டிப் பிடித்து, கயிற்றோடு கழற்றி, வாயில் வைத்து ஊதினார்.

புஸ் என்றது.

மறுபடி ஊதினார். மறுபடியும் புஸ். திருப்பிப் பார்த்தார். சுண்டு விரலை விட்டு நோண்டினார். விரலோடு ஒரு சிவப்புத் துணித் துண்டு வந்தது. கூட்டத்திலிருந்த பெண்களுக்கு அது சேலைக் கரை என்று உடனே தெரிந்துவிட்டது, முப்பிடாதியைப் பார்த்தார்கள். பிள்ளைவாள் காது மடல் சிவந்தது. இரண்டு மாதமாகக் காற்று எதிர்த்து அடிக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வந்த கோபத்துக்கெல்லாம் சேர்த்து மூச்சை இழுத்து, பலம் கொண்ட மட்டும் ஊதினார்.

கல்மண்டபம் அது. விசில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பியது. பெருமாள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, இடது தோளுக்குள் முகத்தைப் புதைத்து, முழங்கால் மடங்கி உட்கார்ந்தான். ஆறு அடி தள்ளி, அதே நொடியில், நல்லக்கண்ணுவும் இரண்டு கையாலும் தலையைப் பொத்தி, இடது தோளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஒருவனுக்குப் பத்து மாதம் ஆகியிருந்தது, இன்னொருவனுக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. மற்ற எல்லாரும் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

குருவம்மாள் அதைப் பார்த்தாள். தன் பிள்ளையைப் பார்த்தாள், பெருமாளைப் பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். பிறகு பிள்ளைவாள் எதிரே போய், இத்தனை பெரிய மனுஷர் என்றும் பார்க்காமல், அவர் வாயிலிருந்த விசிலைப் பிடுங்கித் தரையில் வைத்தாள்.

"ஊதாதீக ஐயா" என்றாள். "ரெண்டு பிள்ளைகளுக்கும் வலிக்குது."

எண்ணெய் வடிகிற நல்லக்கண்ணு தலைமேல் அந்த மாற்று வேட்டியைப் போர்த்தி மூடி, அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். அருவிக்கு முதுகைக் காட்டி நடத்திக்கொண்டு வந்தாள். பெருமாள் பக்கத்தில் வந்ததும் நின்று, எந்த அறை, எத்தனை நாள், வெளிச்சம் எவ்வளவு விடலாம் என்று கேட்டாள். பத்து மாதத்தில் அவனிடம் அந்த மாதிரிக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான். அவன் முப்பிடாதியைக் கைகாட்டினான், அவள் பதில் சொன்னாள். அண்ணன் கையில் வழிந்த எண்ணெயை எதில் துடைப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு ஜட்காக்காரனிடம் போய், அவர் ஆயுளில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, குதிரைக் கழுத்து மணியைக் கழற்றச் சொன்னார்.

வேலை அன்றைக்கே போயிற்று. விசிலைப் பிள்ளைவாள் எடுத்துக்கொண்டார், அந்தச் சேலைத் துண்டை முப்பிடாதி எடுத்துக்கொண்டாள். ஏழு வருஷம் கழுத்தில் கிடந்த கயிறு இல்லாமல் பெருமாளுக்கு வெறிச்சென்று இருந்தது, வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதான். அவன் தீர்த்தத்தைப் பழித்தான், அதனால்தான் வேலை போயிற்று என்று தென்காசியில் பேசிக்கொண்டார்கள். அருவி முதலில் அவனைக் குணப்படுத்தியது என்பதில் மட்டும் யாருக்கும் கடைசி வரை சந்தேகம் வரவில்லை.

பெருமாள் வீட்டுப் பின்னறையில் ஜமுக்காளம் தொங்கியது. உள்ளே இரண்டு பாய். விசாரிக்க வந்தவர்களை முப்பிடாதி வாசலிலேயே நிறுத்தி, மெதுவாகப் பேசச் சொன்னாள். பத்தாம் நாள் குருவம்மாள் ரசம் கொண்டுபோய் வைத்தபோது நல்லக்கண்ணு இருட்டில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "எம்மா, உப்புக் கம்மி" என்றான். பக்கத்துப் பாயில் கிடந்த பெருமாள் சத்தம் வராமல் சிரித்தான். சிரித்ததில் தலை வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.